செல்ஃப் எடுக்கலையா? புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

அதிகாலை 3 மணிக்கு மார்க்கெட்டுக்கு லோடு ஏத்தணும். சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு லைட் மங்குது, இன்ஜின் அசையவே இல்லை. அன்னிக்கு வாடகை போச்சு. இது ரெண்டு தடவை நடந்தா, அந்த லோடு நிரந்தரமா வேற வண்டிக்குப் போயிடும்.

பழைய பொலேரோ பிக்கப், டாடா 207 மாதிரி டீசல் வண்டியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கித் தொழில் ஆரம்பிச்சவங்களுக்கும், அப்பாவோட வண்டியைக் கையில் எடுத்தவங்களுக்கும் இந்த அனுபவம் புதுசு இல்லை. உடனே கிடைக்கிற அட்வைஸ், 'பேட்டரி போச்சு, மாத்திடு' என்பதுதான். மாத்துறோம். புது பேட்டரியும் ஆறே மாசத்துல படுத்துடுது. ஏன்னா, பல நேரம் பிரச்னை பேட்டரியில் இருக்கிறதே இல்லை. அதைச் சுத்தி இருக்கிற கேபிள்லயோ, டைனமோவிலயோ இருக்கும். அதனால முதல்ல டெஸ்ட், அடுத்து தேர்வு, கடைசியா ஃபிட்டிங். இந்த வரிசை மாறினா காசுதான் வீண்.

டீசல் வண்டிக்கு ஏன் இவ்வளவு பவர்?

பெட்ரோல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் தீப்பொறி போட்டு எரிபொருளைப் பத்த வைக்கும். டீசல்ல அது கிடையாது. காற்றைச் சுமார் 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கணும். அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து இன்ஜினைச் சுத்த, செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கும் மேல கரன்ட் இழுக்கும். ஹீட்டர் பிளக் இருக்கிற வண்டின்னா அதுக்கும் தனியா கரன்ட் போகும்.

இங்கதான் ஒரு சின்ன கணக்கு. கேபிள்லயோ டெர்மினல்லயோ துரு ஏறி, ஒரு ஓம்ல நூறில் ஒரு பங்கு தடை வந்தாக்கூட, 200 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே காணாமப் போயிடும். இருக்கிறதே 12 வோல்ட்தான். பாட்டு பாடும், லைட் எரியும், ஆனா செல்ஃப் மட்டும் எடுக்காது. பழைய வண்டிகளோட பாதி மர்மம் இதுதான்.

10 நிமிஷத்துல நாலு டெஸ்ட்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டியை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துக்கோங்க. சாவி திருப்ப ஒருத்தரைக் கூட வெச்சுக்கோங்க.

1. காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி வோல்ட்டேஜ் பாருங்க. 12.6 இருந்தா ஃபுல் சார்ஜ். 12.4-ன்னா முக்கால்வாசி, 12.2-ன்னா பாதி. 12-க்குக் கீழே இருந்தா கிட்டத்தட்ட காலி. இப்படி இருந்தா முதல்ல சார்ஜ் போடுங்க, அதுக்கப்புறம்தான் பேட்டரியைப் பத்தி முடிவு எடுக்கணும்.

2. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. ஃபுல் சார்ஜ்ல இருந்தும் 9.6-க்குக் கீழே போகுதுன்னா பேட்டரி பலவீனம்.

3. அதே நேரம் மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்ல சுத்தமான இரும்புப் பகுதியிலயும் வெச்சுப் பாருங்க. செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கேபிள்ல கோளாறு. கேபிளைச் சுத்தம் பண்ணி முறுக்கினாலோ, புது கேபிள் போட்டாலோ வண்டி பழையபடி எடுக்கலாம்.

4. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வரணும். 13-ஐத் தாண்டலைன்னா டைனமோ சரியா சார்ஜ் பண்ணலை. 15-ஐத் தாண்டினா ஓவர் சார்ஜ், பேட்டரி வெந்துடும். ரெண்டு நிலையிலும் புது பேட்டரி போட்டா அதுவும் சீக்கிரமே சாகும்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழட்டி 'டைனமோ வேலை செய்யுதா'ன்னு பார்க்கிற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்கு. அப்போ திடீர்னு எகிறும் வோல்ட்டேஜ், டைனமோவோட டயோடையும் வண்டியோட கம்ப்யூட்டரையும் காலி பண்ணிடும். யாரையும் செய்ய விடாதீங்க.

ராத்திரியில கரன்ட் குடிக்கிறது யாரு?

நாலு டெஸ்ட்டும் பாஸ், ஆனாலும் ரெண்டு நாள் நிறுத்தினா வண்டி எடுக்கலையா? சந்தேகம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் மேல போகணும். ஜி.பி.எஸ், ஆம்ப்ளிஃபயர், சீரியல் லைட்னு கைக்கு வந்தபடி இழுத்த ஒயர்கள்தான் பெரும்பாலும் குற்றவாளி. எல்லாத்தையும் ஆஃப் பண்ணின பிறகு வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள்ள இழுத்தா பரவாயில்லை. 200 இழுத்தா ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் ஹவர் போகும். பத்து நாள் நின்னா 48. 75 ஆம்பியர் ஹவர் பேட்டரியில பாதிக்கும் மேல காலி! இதை அளக்க மீட்டரை நெகட்டிவ் ஒயருக்கு நடுவுல, 10 ஆம்பியர் பாயின்ட்ல இணைக்கணும். அந்த நேரத்துல சாவியைத் திருப்பிடாதீங்க, மீட்டரோட ஃபியூஸ் போயிடும்.

எந்த பேட்டரி வாங்கலாம்?

டெஸ்ட்ல பேட்டரிதான் குற்றவாளின்னு உறுதியாச்சா? இப்போ கடைக்குப் போங்க. பழைய பேட்டரியோட லேபிளையும் வண்டியோட மேனுவலையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க.

ஆம்பியர் ஹவர்: கம்பெனி சொன்ன அளவுக்குக் குறையவே கூடாது. நூறு, இருநூறு ரூபாய் மிச்சம்னு சின்ன பேட்டரி போட்டா, ஒவ்வொரு தடவை செல்ஃப் அடிக்கும்போதும் அது திணறும். ஒரு படி பெருசு போடலாம். ஆனா, ட்ரேயில உட்காரணும், கிளாம்ப் பிடிக்கணும், பானெட்டை மூடினா டெர்மினல்ல முட்டக் கூடாது.

எண்களைப் பார்த்து ஏமாறாதீங்க: ஜப்பான் தரக் குறியீட்டுல 75D31L-னு ஒரு பேட்டரி இருந்தா, அந்த 75 ஆம்பியர் ஹவர் கிடையாது. அது செயல்திறன் அளவு. 31-ங்கறது சென்டிமீட்டர்ல நீளம். ஆம்பியர் ஹவர் எவ்வளவுன்னு தனியா கேட்டு வாங்குங்க.

L-ஆ, R-ஆ: கடைசி எழுத்து, பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம்னு சொல்லும். மாத்தி வாங்கினா கேபிள் எட்டாது. இழுத்துக் கட்டுற அவசரத்துல பிளஸ், மைனஸ் மாறினா டைனமோ அங்கேயே அவுட்.

சி.சி.ஏ: மைனஸ் 18 டிகிரி குளிர்ல பேட்டரி எவ்வளவு கரன்ட் தரும்னு சொல்ற எண் இது. ரெண்டு பேட்டரியை ஒப்பிடப் பயன்படும். ஆனா, நம்ம ஊர் எதிரி குளிர் இல்லை, வெயில். வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினாலே பேட்டரி ஆயுள் பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. அதனால ஒரிஜினலா வந்த வெப்பத் தடுப்பு உறை இருந்தா அதைக் கழட்டிப் போடாதீங்க.

தயாரிப்பு தேதி: அலமாரியில சும்மா இருந்தாலும் பேட்டரி சார்ஜ் இறங்கும். மூணு மாசத்துக்குள்ள தயாரானதா கேளுங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி வோல்ட்டேஜ் பாருங்க, 12.5-க்கு மேல இருக்கணும்.

வாரன்டி: 'நாலு வருஷம்'னு சொன்னா, அதுல எத்தனை மாசம் இலவசமா மாத்தித் தருவாங்க, எத்தனை மாசத்துக்குத் தள்ளுபடி மட்டும்னு பிரிச்சுக் கேளுங்க. மஞ்சள் போர்டு வண்டிக்கு வாரன்டி காலம் குறைவா இருக்கிறது உண்டு. கார்டுல உங்க வண்டி நம்பரோட சீல் வாங்குங்க.

நீங்களே மாட்டலாம்

மோதிரம், காப்பு, செயினைக் கழட்டுங்க. பக்கத்துல சிகரெட் கூடாது. சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கோங்க.

கழட்டும்போது மைனஸ் முதல்ல, பிளஸ் ரெண்டாவது. மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. காரணம் சிம்பிள். வண்டியோட பாடி முழுக்க மைனஸ். மைனஸ் இணைப்புல இருக்கும்போது பிளஸ்ஸைக் கழட்டினா, ஸ்பேனர் பாடியில பட்டதும் ஷார்ட் ஆகி நெருப்பு பறக்கும்.

பேட்டரி 20 கிலோ கிட்ட இருக்கும், சாய்க்காம தூக்குங்க. ட்ரேயில துரு இருந்தா தேய்ச்சு பெயின்ட் அடிங்க. டெர்மினல்ல படிஞ்ச வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்ப சோடா கரைச்ச தண்ணியால கழுவி, ஒயர் பிரஷ் போட்டு, காய விடுங்க. கிளாம்பைக் கையால ஆட்டினா அசையக் கூடாது. மாட்டின பிறகு மேலாப்ல வாஸ்லின் தடவுங்க.

ஹோல்டு டவுன் கிளாம்ப்தான் பலரும் விட்டுடுற விஷயம். டியூப்ல கட்டி வெச்சா கிராமத்து ரோட்டு அதிர்வுல உள்ளே இருக்கிற தகடு உதிர்ந்து, பேட்டரி பாதி ஆயுள்லயே போயிடும். ஒரிஜினல் கிளாம்பையே நட்டு போட்டு முறுக்குங்க.

ரோட்டுல நின்னுட்டா?

உதவிக்கு நிறுத்துற லாரியைப் பார்த்து உஷாரா இருங்க. பெரிய லாரிகள்ல ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடர்ச்சியா இணைச்சு 24 வோல்ட்டா ஓட்டுவாங்க. உங்க பிக்கப்புக்கு அது விஷம். 12 வோல்ட் வண்டியிலிருந்து மட்டும் ஜம்ப் பண்ணுங்க. கடைசி மைனஸ் கிளிப்பை டெட் பேட்டரியில மாட்டாம, இன்ஜின்ல இரும்புப் பகுதியில மாட்டுங்க.

பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீங்க. உள்ளே இருக்கிறது ஈயமும் சல்ஃபூரிக் ஆசிடும். திறந்தவெளியில அதை உடைச்சு உருக்கினா, அந்த ஈயம் முதல்ல பாதிக்கிறது பக்கத்துல விளையாடுற குழந்தைகளை. 2022-ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, திரும்பப் பெற வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கு. புது பேட்டரி வாங்குற கடையிலயே கொடுத்து விலையில கழிச்சுக்கோங்க.

கடைசியா, புது பேட்டரி மேல மார்க்கர்ல மாட்டின தேதியை எழுதுங்க. மூணு மாசத்துக்கு ஒருமுறை அந்த நாலு டெஸ்ட்டையும் போட்டுப் பார்த்து, எண்களை போன்ல குறிச்சு வைங்க. எண் இறங்கத் தொடங்கும்போதே தெரிஞ்சா, எப்போ மாத்தணும்னு நீங்க முடிவு பண்ணலாம். இல்லைன்னா அதை பேட்டரி முடிவு பண்ணும்.