உங்கள் பேனாவுக்கு எந்த மை?

ஐப்பசி மாதத்து மாலை. பள்ளி விட்டு வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொள்கிறது. ஓடிப்போய் ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்குகிறீர்கள். அதற்குள் புத்தகப் பை நன்றாக நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நோட்டுகளை எடுத்துப் பார்க்கிறீர்கள். வரலாற்று நோட்டின் பக்கங்களில் எழுத்தே இல்லை; நீல நிறக் குளம்தான் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கு எழுதி வைத்த குறிப்புகள் அத்தனையும் போயிற்று!

அதே பையில்தான் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கிய அறிவியல் நோட்டும் இருந்தது. அதன் தாள்களும் நைந்துபோயிருக்கின்றன. ஆனால் எழுத்துகள் மட்டும் எழுதிய இடத்திலேயே நிற்கின்றன. ஒவ்வொரு சொல்லையும் படிக்க முடிகிறது.

இரண்டும் மைப் பேனாவால் எழுதியவைதாம். இரண்டும் நீல நிற மைகள்தாம். பிறகு ஏன் இந்த வேறுபாடு? மைப்புட்டி வாங்கும்போது கடைக்காரர் “என்ன கலர்?” என்று கேட்கிறார். நாமும் கண்ணுக்குப் பிடித்த ஒரு நிறத்தைச் சொல்கிறோம். அந்த ஒரு சொல்லில், நம் எழுத்து எத்தனை நாள் வாழும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறோம். எப்படி என்று பார்ப்போம்.

கரைசலா, கலவையா?

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறினார்கள். பிறகு கரியை எண்ணெயில் குழைத்து ஓலையின்மேல் தடவித் துடைத்தார்கள். கீறலுக்குள் கரி தங்கி எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கரி என்பது கார்பன். வெயிலோ நீரோ அதன் நிறத்தைப் போக்குவதில்லை.

அப்படியானால் கரி மையையே பேனாவில் ஊற்றலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். கரி நீரில் கரைவதில்லை. நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. மைப் பேனாவின் முள்ளுக்கு அடியில் உள்ள நாக்கில் மயிரிழை போன்ற கால்வாய்கள் இருக்கின்றன. நுண்புழை ஈர்ப்பினால் மை அவற்றின் வழியே இறங்கி வருகிறது. சாதாரணக் கரி மை அங்கே உலர்ந்தால் கால்வாய் அடைத்துக்கொள்ளும். மிக மிக நுண்ணிய துகள்களைக் கொண்ட சிறப்பு மைகள் இப்போது கிடைக்கின்றன என்றாலும், பேனா மைகளில் பெரும்பாலானவை நீரில் சாயத்தைக் கரைத்துச் செய்த கரைசல்களே. நீரில் கரைந்திருக்கும் சாயம், தாளில் உலர்ந்த பிறகும் நீர் பட்டால் மறுபடி கரையத்தானே செய்யும்? உங்கள் வரலாற்று நோட்டில் நடந்தது இதுதான்.

தேர்வில் ஏன் நீலமும் கறுப்பும்?

எழுதுவதற்கு நீலம் அல்லது கறுப்பு மையையே பயன்படுத்த வேண்டும் என்று பொதுத்தேர்வு வினாத்தாளின் தலைப்பில் குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குக் கண்ணின் அமைப்பில் ஒரு காரணம் உண்டு.

பகல் வெளிச்சத்தில் நம் கண் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை. ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள்-பச்சை ஒளியைத்தான் மிகக் கூர்மையாக உணர்கிறது. மஞ்சள் மை அந்த ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. எனவே வெள்ளைத் தாளுக்கும் மஞ்சள் எழுத்துக்கும் கண்ணுக்கு அதிக வேறுபாடு தெரிவதில்லை. நீல மையோ சிவப்பு, மஞ்சள் ஒளிகளை விழுங்கிவிட்டு, கண் குறைவாக உணரும் நீல ஒளியையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே எழுத்து இருண்டு தெரிகிறது. கறுப்பு மை எல்லா நிறங்களையுமே விழுங்குகிறது. நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியரின் கண்ணுக்கு இவ்விரண்டும் இதம் தரும். நீலக் கூட்டத்தின் நடுவே அவருடைய சிவப்பு மை தனித்துத் தெரியும்.

வெயிலில் வெளிறும் வண்ணங்கள்

1856ஆம் ஆண்டு. லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் கொயினா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தார். மருந்து கிடைக்கவில்லை. குடுவையின் அடியில் ஒரு கரிய படிவுதான் கிடைத்தது. அதைச் சாராயத்தில் கரைத்தபோது அழகான ஊதா நிறம் எழுந்தது! நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சாயம் செய்யும் பெருந்தொழில் அதிலிருந்து வளர்ந்தது. இன்று கடையில் காணும் வண்ண மைகள் எல்லாம் அந்தச் செயற்கைச் சாயக் குடும்பத்தின் வழிவந்தவை எனலாம்.

ஆனால் அழகிய சாயங்கள் சில ஒளியைத் தாங்குவதில்லை. ஒளியின் ஆற்றல் சாய மூலக்கூறைச் சிதைத்துவிடுகிறது. சிவப்பு மைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் இயோசின் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓவியர் வான்கோ தம் வண்ணங்களிலும் இயோசின் கலந்த ஒரு சிவப்பைப் பயன்படுத்தினார். 1890இல் அவர் தீட்டிய ரோஜா ஓவியங்களில் பூக்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. இன்று அவை ஏறக்குறைய வெள்ளையாகத் தோன்றுகின்றன. சிவப்பு வெளிறிப் போயிற்று. ஒரு பெரிய ஓவியருக்கே இந்த நிலை என்றால், சுவரில் ஒட்டிய உங்கள் சிவப்பு மை அட்டவணை எம்மாத்திரம்?

அழிவதே ஒரு வசதி

ராயல் ப்ளூ என்ற நீல மை பெரும்பாலும் எளிதில் கழுவக்கூடியது. சட்டைப் பையில் மை ஒழுகிவிட்டால் இது பெரிய வசதி! இதில் பயன்படும் சாயத்தின் மூலக்கூறில் மூன்று வளையங்கள் ஒரு நடுக் கார்பன் அணுவோடு இணைந்திருக்கின்றன. மூன்றும் ஏறக்குறைய ஒரே தளத்தில் அமைந்திருக்கும்வரை அது நீலமாகத் தெரியும். காரப்பொருள் சேரும்போது நடுக் கார்பனோடு வேறொரு தொகுதி போய் ஒட்டிக்கொள்கிறது. மூலக்கூறின் வடிவம் மாறுகிறது, நிறமும் மறைகிறது. ஜெர்மனியில் பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் மை அழிப்பான் பேனா இவ்வாறுதான் வேலை செய்கிறது. சாயம் தாளிலேயே இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

காற்றில் கறுக்கும் மை

இனி, மழையில் பிழைத்த அந்த அறிவியல் நோட்டுக்கு வருவோம். நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் என்றொரு பொருள் கிடைக்கும். பெயர்தான் காய், உண்மையில் அது ஓக் மரத்தில் ஒருவகைப் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. நம் ஊர்க் கடுக்காயிலும் அது இருக்கிறது. டானினோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்தால் இரும்பு மை கிடைக்கும்.

இந்த மையின் சிறப்பைப் பாருங்கள். புட்டியில் இருக்கும்போது இரும்புச் சேர்மம் கரைந்த நிலையில், அதிக நிறமின்றி இருக்கிறது. எழுதும்போது அது தாளின் இழைகளுக்குள் ஊறுகிறது. அதன்பின் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, நீரில் கரையாத கரும்பொருளாக மாறுகிறது. ஆம், தாளுக்குள் புகுந்த பிறகே அது கறுப்பாகிறது! எழுதும்போதே எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக அதில் நீலச் சாயம் சேர்க்கிறார்கள். எழுதும்போது நீலம், பிறகு கறுப்பு. ப்ளூ-பிளாக் என்ற பெயர் இப்படி வந்ததுதான். 1832 முதல் இங்கிலாந்தில் ஹென்றி ஸ்டீபன்ஸ் என்பவர் இத்தகைய மையைத் தயாரித்துப் புகழ்பெற்றார். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் எழுதுவதற்கென்றே ‘பதிவாளர் மை’ என்ற பெயரில் இரும்பு மை அங்கே பயன்பட்டு வந்தது.

4ஆம் நூற்றாண்டில் இரும்பு மையால் எழுதப்பட்ட ஒரு விவிலியப் பிரதியின் பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதை இன்றும் படிக்கலாம்.

குறையே இல்லையா? உண்டு. பழைய இரும்பு மைகளில் அமிலம் அதிகம். இசைமேதை பாக் (1685-1750) கைப்பட எழுதிய தாள்கள் பெர்லின் நூலகத்தில் உள்ளன. அவற்றில் சில இடங்களில் மையே தாளை அரித்துவிட்டது. வல்லுநர்கள் தாளை இரண்டு ஏடுகளாகப் பிரித்து, நடுவே உறுதியான மெல்லிய தாளை வைத்து ஒட்டிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பேனாவுக்கென்று இன்று விற்கும் இரும்பு மைகளில் அமிலம் குறைவு. ஆனாலும் பேனாவை அடிக்கடி கழுவ வேண்டும்.

பெயரை நம்பலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. ப்ளூ-பிளாக் என்று பெயரிட்ட எல்லாப் புட்டிகளிலும் இன்று இரும்பு இருப்பதில்லை. பலவற்றில் நீலச் சாயமும் கறுப்புச் சாயமும் கலந்திருக்கின்றன, அவ்வளவுதான். புட்டியின் மேலுள்ள பெயரும், உள்ளே தெரியும் நிறமும் உண்மையைச் சொல்லாமல் போகலாம். பிறகு எப்படி அறிவது? நீங்களே சோதித்துப் பாருங்கள்! நண்பர்களிடமிருந்து ஒவ்வொரு மையிலும் சில துளிகள் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீர்ச் சோதனை: ஒரே வகைத் தாளில் ஒவ்வொரு மையாலும் ஒரு வரி எழுதி, இரண்டு நாள் உலர விடுங்கள். பிறகு ஒரு தட்டு நீரில் பத்து நிமிடம் தாளை ஊற வையுங்கள். நீலம் கரைந்தோடிய பிறகும் தெளிவான கருஞ்சாம்பல் கோடு நின்றால் அதில் இரும்பு இருக்கக்கூடும்.

வெயில் சோதனை: இன்னொரு தாளில் அதே வரிகளை எழுதுங்கள். பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒரு மாதம் வையுங்கள். பிறகு அட்டையை எடுத்து இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள்.

சாக்குக்கட்டிச் சோதனை: வெள்ளைச் சாக்குக்கட்டியில் அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி உலர்ந்ததும், 1 செ.மீ. ஆழத்துக்கு நீர் உள்ள கிண்ணத்தில் சாக்குக்கட்டியை நிறுத்துங்கள். நீர் மேலேறும்போது சாயங்கள் வெவ்வேறு வேகத்தில் ஏறும். ‘கறுப்பு’ என்று நீங்கள் நினைத்த மையிலிருந்து நீலம், ஊதா, மஞ்சள் போன்ற நிறங்கள் பிரிந்து வரக்கூடும். ரஷ்ய அறிஞர் ட்ஸ்வெட் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் இலையின் நிறப்பொருள்களைப் பிரித்தார். 1906இல் அந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். நீங்கள் செய்வதும் அதுவே!

இரும்பு மை கறுப்பதைக் காண வேண்டுமா? சமையல் வினிகரில் இரும்பு ஆணிகளை இரண்டு நாள் ஊறப் போடுங்கள். அந்த நீரில் சில துளிகளைப் பால் சேர்க்காத கெட்டித் தேயிலைச் சாற்றில் விடுங்கள். தேயிலை டானினும் இரும்பும் சேர்ந்து சாறு கறுத்துவிடும். இதைக் குடிக்கக் கூடாது. பேனாவிலும் ஊற்றக் கூடாது.

எதற்கு எந்த மை?

அன்றாட வீட்டுப்பாடத்துக்குக் கழுவக்கூடிய நீலம் போதும், சட்டையும் தப்பும். தேர்வில் நன்கு இருண்ட நீலமோ கறுப்போ கொண்டு எழுதுங்கள். ஆண்டு முழுவதும் காக்க வேண்டிய குறிப்புகளுக்கும், நாட்குறிப்புக்கும், பாட்டியின் வாயால் கேட்டு எழுதி வைக்கும் குடும்பக் கதைகளுக்கும் நீர்ச் சோதனை, வெயில் சோதனை இரண்டிலும் தேறிய மையை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் ஊதாவும் தலைப்புக்கும் அலங்காரத்துக்கும் இருக்கட்டும்.

இரண்டு மைகளைப் பேனாவுக்குள் கலக்காதீர்கள். ஒன்று அமிலத்தன்மையும் மற்றொன்று காரத்தன்மையும் உடையதாக இருந்தால் சாயம் திரிந்து, நாக்கில் அடைத்துக்கொள்ளக்கூடும். மையை மாற்றும் முன் தெளிந்த நீர் வரும்வரை பேனாவைக் கழுவுங்கள்.

அடுத்த முறை கடைக்காரர் “என்ன கலர்?” என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். எழுதப் போவதை எத்தனை காலம் கழித்து, யார் படிக்க வேண்டும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பிறகு மையைக் கேளுங்கள்.