மூட்டை உப்பு ஏன் கல்லாகிறது?



அறுப்பின் பண்டிகையில் நீங்கள் படைக்கும் அயோடின் உப்பு மூட்டைகள் தளவாய்புரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வந்து சேருகின்றன. ஐப்பசி அடைமழையில் சில மூட்டைகள் பாறைபோல் இறுகிவிட்டன. உலக்கையால் இடித்தே எடுத்தோம். “உப்பு மட்டமோ?” என்று சிலர் கேட்டார்கள். இல்லை. தூத்துக்குடி உப்பளத்தில் விளைந்த நல்ல உப்புக்கும் இது நேரும்.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பும் நீரை இழுக்கும். சரியாகக் கழுவாத உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகுமுன்பே இழுத்துவிடும். பரல்களின் மேற்பரப்பு கசிந்து கரைகிறது. வெயில் வந்ததும் அந்தக் கசிவு உலர்ந்து, பரலோடு பரலை ஒட்டிவிடுகிறது. அடியில் கிடக்கும் மூட்டை பாரத்தால் இன்னும் இறுகும்.

கட்டியை உடைத்துக்கொள்ளலாம். ஆனால் ஈரத்தோடு அயோடினும் மூட்டையின் அடிக்கு இறங்கி, சாக்கு வழியே கசிந்துவிடும். மேலுப்பை உண்ணும் கர்ப்பிணித் தாய்க்கும், அவள் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் வேண்டியது அதுவே. நம் கைக்கு வரும் உப்பில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்காவது அயோடின் இருக்கவேண்டும் என்பது சட்டம்.

ஆகவே இப்போது மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல், உயர அடுக்காமல் வைக்கிறோம். முதலில் வந்ததை முதலில் எடுக்கிறோம். நீங்களும் வெறும் சாக்கைத் தவிர்த்து, பிளாஸ்டிக் உள்ளுறை உள்ள மூட்டையாகப் பார்த்து, நனையாமல் மூடிக் கொண்டுவாருங்கள்.