'அல்' இருக்கு... 'ஆன்' எங்கே?

கெய்ரோவில் இன்ஜினீயரிங் படித்து முடித்தவர்கூட, இன்டர்வியூவில் 'ஐ ஆம் இன்ஜினீயர்' என்று சொல்லிவிடுவதுண்டு. நடுவே வரவேண்டிய 'ஆன்' காணாமல்போயிருக்கும். அரபியில் 'அனா முஹந்திஸ்' என்றாலே போதும். 'எ', 'ஆன்' போலத் தனிச்சொல் அந்த மொழியில் கிடையாது.

'தி'க்கு மட்டும் 'அல்' உண்டு. ஆனால், அது ஆங்கிலத்துக்குத் தேவைப்படாத இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாழ்க்கை அழகானது என்பதற்கு அரபியில் 'அல் ஹயாத் ஜமீலா'. அதே பழக்கத்தில் 'தி லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' என்பார்கள். அங்கே 'தி' வேண்டாம்.

கேட்பவருக்கு இது அரைகுறை ஆங்கிலமாகத் தெரியலாம். உண்மையில், தாய்மொழி இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றியதால் வந்த பிழை!

திருத்துவது எளிது. தொழிலைச் சொன்னால் முன்னால் 'எ' அல்லது 'ஆன்' வேண்டும். வாழ்க்கை, அன்பு என்று பொதுவாகப் பேசினால் 'தி' வேண்டாம்.