கொதிநீரும் கொடுமுடியும்

தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. கடற்கரையில் உலை வைத்தால் நூறு பாகை சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், ஆயிரம் அடி உயரத்திலே ஏறத்தாழ ஒரு பாகை முன்னதாகவே கொதித்து விடுகின்றது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே போவதுதான் இதற்குக் காரணம். ஆகவே ஒருவர் மலையுச்சியில் நின்று, சிறு விளக்கு ஒன்றை ஏற்றி, அதன்மேல் நீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பார்ப்பாரானால், தாம் நிற்கும் இடம் எவ்வளவு உயரம் என்பதை ஒருவாறு கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். பார்ப்பதற்கு எளிய வழிதான். ஆனால் இந்த எளிய வழி, அமெரிக்கப் பெண்மணிகள் இருவரிடையே மூண்ட பெரும் பூசலுக்கு விடை காண உதவாமற் போயிற்று. அப்பூசலைத் தீர்க்க 13,000 டாலர் செலவாயிற்று.

அவ்விருவரில் ஒருவர் பேனி புல்லக் ஒர்க்மன் அம்மையார். இவர் மலைக்குத் தனியே சென்றவர் அல்லர். கணவர் டாக்டர் வில்லியம் ஹண்டர் ஒர்க்மனோடு கூடாரத்தையும் படுக்கைப் பையையும் துணையாகக் கொண்டு, ஆண்டுதோறும் பல வாரங்கள் பனிக்கட்டியின்மேல் வாழ்ந்து பழகியவர். இமயத்திலும் காரகோரத்திலும் கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்த பயணங்களுள் இவர்களுடையதைப்போல் நெடியதும் விரிவாக எழுதிவைக்கப்பட்டதும் மிக அரிது.

பேனி 1859-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில் பிறந்தவர். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர், செல்வக் குடும்பம். தம்மினும் பன்னிரண்டு வயது மூத்த மருத்துவரான வில்லியத்தை மணந்தார். 1889-இல் உடல்நலக் குறைவினால் டாக்டர் தம் தொழிலை விட்டார். குடும்பம் ஐரோப்பாவிற்குக் குடிபெயர்ந்தது. நலங்குன்றித் தொழிலைத் துறந்த அதே மனிதர் பின்னர் இருபதாயிரம் அடிக்குமேல் ஏறித் திரிந்தார் என்பது மருத்துவ நூல்களில் எழுதத்தக்க செய்தியாகும்.

அவர்களுக்கு மகள் ஒருத்தி, மகன் ஒருவன். மகன் 1893-இல் சிறுவயதிலேயே இறந்துபோனான். அதன்பின் தாயும் தந்தையும் வீட்டில் தங்கிய நாட்கள் குறைவு. மகள் ரேச்சல் செவிலியர் கையிலும் விடுதிப் பள்ளிகளிலும் வளர்ந்தாள். இதற்காக அந்த அம்மையாரைக் குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். தந்தையாரும் அதே அளவிற்கு வீட்டைவிட்டு விலகியிருந்தவர்தாம்; அவரைக் குறை கூறியவர் மட்டும் அவ்வளவாகத் தென்படவில்லை. மகள் பிற்காலத்தில் நிலவியல் கற்றுப் பெயர் பெற்றாள்.

முதலில் இவர்கள் மலையை நாடவில்லை, சைக்கிளையே நாடினர். ஸ்பெயினையும் அல்ஜீரியாவையும் சுற்றியபின், 1897-இன் இறுதியில் கீழைநாடுகளுக்கு வந்தனர். இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளில் இரண்டரை ஆண்டுக்காலம் சுற்றினர். இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம்வரை சைக்கிளிலேயே சுமார் 4,000 மைல் வந்தனர். முள்ளும் கல்லும் நிறைந்த சாலையில் ஒரே நாளில் நாற்பது தடவை டயர் ஒட்டியதும் உண்டு. வழியில் கண்ட கோயில்களையும் சிற்பங்களையும் படம்பிடித்து, பின்னர் தனி நூலாகவே வெளியிட்டனர். 1898-ஆம் ஆண்டுக் கோடையில் சமவெளியின் வெப்பம் தாளாமல் காசுமீரத்துக்கும் லடாக்குக்கும் சென்றார்கள். அங்கே பனிமலையைக் கண்ட கண் வேறொன்றையும் காண விரும்பவில்லை. சைக்கிள் மூலையில் ஒதுங்கியது.

அன்று முதல் 1912 வரை, இடையிடையே ஆண்டுகள் விட்டு, பியாபோ, சோகோ லுங்மா, ஹிஸ்பார், சியாச்சென் எனப்படும் பெரும் பனியாறுகளில் இவர்கள் பாசறை அமைத்து வாழ்ந்தனர். பனியாறு என்பது பெயரளவில்தான் ஆறு. உச்சியில் பெய்யும் பனி ஆண்டுக்கணக்கில் படிந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, பள்ளத்தாக்கு வழியே மெல்ல மெல்ல நகர்கின்றது. நகரும்போது வளைவுகளிலும் சரிவுகளிலும் அக்கட்டி வெடித்துப் பிளக்கும். அவ்வெடிப்புகள் சில நூறடி ஆழம்வரை செல்வதுண்டு. புதுப்பனி பெய்து வாயை மூடிவிட்டால், வெடிப்பு இருப்பதே தெரியாது. நடப்பவர்கள் ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு செல்வது இதனால்தான். 1912-இல் சியாச்செனில் இத்தாலிய வழித்துணைவர் ஒருவர் இத்தகைய வெடிப்பில் விழுந்து உயிரிழந்தார். அம்மையார் தப்பியது நற்பேறு என்றே கூறவேண்டும்.

உயரத்திலே பாசறை வைப்பதில் உள்ள இடர் குளிர் ஒன்றுதான் என்று பலர் எண்ணுவர். அதனினும் பெரிய இடர் உறக்கமின்மை. பதினெண்ணாயிரம் அடியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் பாதிதான். விழித்திருக்கையில் உடல் வேகமாக மூச்சிழுத்து ஈடுசெய்து கொள்கின்றது. உறங்கும்போது அவ்வேகமான மூச்சினால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்குமேல் குறைகின்றது. மூச்சுவிடச் சொல்லி மூளையைத் தூண்டுவது முதன்மையாக அக்கரியமிலவாயுவே ஆதலால், அது குறைந்தவுடன் மூச்சு சில நொடி நின்றுவிடுகின்றது. பிறகு உடல் திடுக்கிட்டு, உறங்கியவர் திணறி எழுகின்றார். இரவு முழுதும் இதே கதை. ஒர்க்மன் தம்பதியர் தங்கள் நூல்களில் இந்த உறக்கமற்ற இரவுகளைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியுள்ளனர். கணவர் மருத்துவராதலால் குறிப்புகளும் செம்மையாகவே உள்ளன.

சமையலும் அங்கே படாதபாடு. இருபத்தோராயிரம் அடியில் நீர் எண்பது பாகைக்குள்ளாகவே கொதிக்கத் தொடங்கிவிடும். நீர் துள்ளிக் கொதிக்கும், அரிசி வேகாது. பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் நாட்டுச் சமையற்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் அவ்வுலையின் முன் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

1903-இல் இவர்கள் ஏறிய முறையைக் கண்டால் பாசறைக் கணக்கு விளங்கும். பிரமிடுச் சிகரம் என்று இவர்கள் பெயரிட்ட மலையில் முதலிரவு 16,200 அடி, இரண்டாமிரவு 18,600 அடி. மூன்றாமிரவு இருபதாயிரத்தை எட்ட நினைத்தனர். சுமைகூலி ஒருவர் நோயுற்றதால் 19,355 அடியில் நிற்க நேர்ந்தது. மறுநாள் 22,567 அடி உயரமுள்ள ஒரு முனையை அடைந்தனர். அதற்கப்பால் டாக்டர் மட்டும் துணையாள் ஒருவருடன் மேலே சென்று, இருட்டுமுன் கீழே இறங்க இயலாது என்று கண்டு திரும்பிவிட்டார். இவை யாவும் அவர்கள் சொன்ன அளவுகள். நிறுத்திய கூடாரங்கள் ஒவ்வொன்றும் உடம்பை உயரத்திற்குப் பழக்கும் படிக்கட்டுகள் என்பதை அக்கால மலையேறிகள் அனுபவத்தால் ஓரளவு அறிந்திருந்தனர். காரணங்கள் பின்னர்தான் தெளிவாயின.

சுமைகூலிகளைப் பற்றிச் சொல்லாமல் இக்கதை நிறைவுறாது. பால்டிஸ்தானத்து உழவர்களே அவர்கள். ஓர் ஆள் சுமப்பது அறுபது இராத்தல் என்றும், நாளொன்றுக்கு உண்பது இரண்டு இராத்தல் மாவு என்றும் வைத்துக்கொண்டால், முப்பது நாளில் அவன் சுமந்த மூட்டை முழுவதையும் அவனே தின்று தீர்த்துவிடுவான். பனியாற்றில் விறகும் கிடையாது, தானியமும் கிடையாது. ஆகவே துரையும் துரைசாணியும் உண்ணும் உணவையும் கூடாரத்தையும் சுமக்க ஆட்கள். அவர்களுடைய மாவைச் சுமக்க மேலும் ஆட்கள். இவ்வாறு கூட்டம் பெருகிக்கொண்டே போகும். பயணத்துக்கு ஏற்ற கோடைக்காலமே அவ்வுழவர்களின் வயல்வேலைக் காலமும் ஆகும். விளைச்சலை விட்டுவிட்டு, ஒரு பயனுமில்லாத பனிமேட்டில் ஏறச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? வழியில் சுமையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பியவர் பலர். ஒர்க்மன் தம்பதியரின் நூல்களில் கூலிகளின் சோம்பலைப் பற்றியும் நேர்மைக் குறைவைப் பற்றியும் வசைமொழிகள் மலிந்துள்ளன. பின்வந்த இமய வரலாற்றாசிரியர் கென்னத் மேசன், குறை பெரும்பாலும் இவர்களுடையதே என்றும், பொறுமையின்றி அம்மக்களின் மனத்தை அறிய முயலவே இல்லை என்றும் தீர்ப்புக் கூறினார். அத்தீர்ப்பு சரியானதே. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சமமாக நடத்திய அப்பாசறையில், மூன்றாமவருக்கு அச்சமத்துவம் எட்டவில்லை.

ஆனால் தம்முள் அவர்கள் காட்டிய சமத்துவம் உண்மையானது. ஓராண்டு பயண ஏற்பாடு, ஆள் திரட்டல், உணவுக் கணக்கு எல்லாம் மனைவி பொறுப்பு. அறிவியல் அளவைகளும் படம் எடுப்பதும் கணவர் பொறுப்பு. மறு பயணத்தில் பொறுப்புகள் கைமாறும். 1912-ஆம் ஆண்டுச் சியாச்சென் பயணத்திற்குப் பேனியே தலைவி. நாற்பத்தைந்து மைல் நீளமுள்ள அப்பனியாற்றை, கிராண்ட் பீட்டர்கின் என்பவரும் சர்ஜன் சிங் என்ற இந்திய அளவையாளரும் அளந்து படம் வரைந்தனர். அப்பொழுது ஏறக்குறைய 21,000 அடியில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று பெயர்பெற்றது. தலையில் தொப்பி, உடம்பில் பாவாடை, கையில் விரித்துப் பிடித்த ஓர் ஏடு. மகளிருக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் தலைப்பு அதில் பெரிதாகத் தெரிகின்றது. அப்படத்தைக் காணக்கூடிய ஆடவர் அங்கே சிலரே. ஆனால் படம் இலண்டனுக்குப் போகும் என்பதை அம்மையார் அறிவார். அங்குள்ள அரச புவியியல் கழகம் பெண்களைப் பொதுவாக உறுப்பினராக ஏற்கத் தொடங்கியது 1913-இல்தான். அதற்கு முன்பே, 1905-இல், அக்கழகத்தில் சொற்பொழிவாற்றியவர் இவர். இசபெல்லா பேர்டு அம்மையாருக்குப்பின் அங்குப் பேசிய இரண்டாவது பெண்.

இனிக் கொதிநீர்ப் பூசலுக்கு வருவோம். 1906-இல், நாற்பத்தேழாம் வயதில், காசுமீரத்து நுன் குன் மலைத்தொகுதியில் உள்ள பினாக்கிள் சிகரத்தைப் பேனி ஏறினார். 23,300 அடி என்று அறிவித்தார். அதற்குமுன் எந்தப் பெண்ணும் அவ்வளவு உயரம் சென்றதில்லை. மலாயாவின் குனோங் தகான் 7,175 அடி. அதைப்போல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அச்சிகரத்தை எட்டாது. 1908-இல் ஆனி பெக் என்ற அமெரிக்க ஆசிரியை, ஐம்பத்தேழு வயதில், தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள உவாஸ்காரன் மலையின் வடமுடியை அடைந்தார். உச்சியில் கொதிநீர்க் கருவியை ஏற்ற முயன்றார். காற்றில் விளக்கு நிலைக்கவில்லை. தீக்குச்சிகள்தாம் வீணாயின. ஆகவே கண் மதிப்பாக 24,000 அடி இருக்கலாம் என்றார். பேனியின் பெருமை பறிபோனது.

விளக்கு எரிந்திருந்தாலும் வழக்குத் தீர்ந்திராது என்பதுதான் இதில் அறியத்தக்கது. வெப்பமானியைப் பார்ப்பதில் ஒரு பாகையில் பத்திலொரு பங்கு பிழை நேர்ந்தால் உயரத்தில் நூறடி பிழைக்கும். மேலும் காற்றின் அழுத்தம் உயரத்தால் மட்டும் மாறுவதன்று. மழை வருமுன் ஒருவகை, வானம் தெளிந்தபின் ஒருவகை. அடிவாரத்து நிலையம் ஒன்றில் அதே வேளையில் எடுத்த அளவையும் சேர்த்துப் பார்த்தாலொழிய, கொதிநீர் சொல்வதை நம்ப முடியாது. நம்பத்தக்கது முக்கோண அளவையே. தரையில் இரண்டு இடங்களுக்கிடையே உள்ள தொலைவைத் துல்லியமாக அளந்து, அவ்விரு இடங்களிலிருந்தும் சிகரத்தை நோக்கும் கோணங்களைக் கருவியால் எடுத்தால், எஞ்சியதைக் கணிதம் சொல்லிவிடும். சிகரத்தில் ஒருவரும் ஏறவேண்டியதே இல்லை.

பேனி செய்தது அதுதான். தம் செலவில் பிரெஞ்சு அளவையாளர் குழுவைப் பெருவுக்கு அனுப்பினார். 13,000 டாலர் கரைந்தது. முடிவு: வடமுடி 21,812 அடி. பினாக்கிள் சிகரத்தை எட்டாத உயரம். பெக் ஆசிரியை வாழ்க்கை முழுதும் பணத்துக்கு அல்லாடியவர். அவர் மலைக்குச் செல்லச் செலவிட்ட தொகையினும் அவருடைய கூற்றை மறுக்கச் செலவிட்ட தொகை பெரிது. இச்செய்கை பெருந்தன்மையானதா என்ற கேள்விக்கு மறுமொழி கூறுவது கடினம். கணக்கு மட்டும் பிழையற்றது. அதே முக்கோண அளவை பின்னாளில் பேனியின் சிகரத்தையும் விட்டுவைக்கவில்லை. 23,300 அடி என்று அவர் சொன்ன பினாக்கிள் 22,735 அடியாகக் குறைந்தது. ஆயினும் பெக்கின் முடியைவிட உயர்ந்ததாகவே நின்றது.

முதல் உலகப்போருக்குப்பின் தம்பதியர் மலைக்குச் செல்லவில்லை. பேனி 1925-இல் பிரான்சில் காலமானார்; தம் சொத்திலிருந்து 1,25,000 டாலரை நான்கு மகளிர் கல்லூரிகளுக்கு எழுதிவைத்திருந்தார். டாக்டர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார். பேனி எட்டிய உயரத்தைக் கடந்த அடுத்த பெண், 1934-இல் சியாச்செனின் தலைப்பகுதியில் உள்ள சியா காங்ரி மலையின் மேற்குமுடியில் ஏறிய ஹெட்டி டைரன்பர்த் அம்மையார். அவரும் கணவரோடு வந்தவரே. பயணத்திற்குத் தலைவர், நிலவியல் அறிஞராகிய அக்கணவர்.