உங்களுக்குத் தெரியுமா? பழி சுமந்த தயாரிப்பாளர்

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் நிற்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், ரசிகர்கள் என்பிசி தொலைக்காட்சிக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். மூன்றாவது சீசன் கிடைத்தது. ஆனால் ஒளிபரப்பு வெள்ளி இரவு 10 மணிக்கு. இளவட்டங்கள் வீட்டில் தங்காத நேரம்! வெறுத்துப்போன, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, 1968-இல் அந்த இடத்துக்கு வந்தவர் ஃப்ரெட் ஃப்ரைபெர்கர்.

சீசனின் முதல் கதையிலேயே தொடரின் முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் மூளை திருடுபோகிறது. உடம்பை ரிமோட்டில் நடக்கவைத்து மூளையைத் தேடுகிறார்கள். ரசிகர்களுக்கு இது போதாதா? புது ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையைப் புனைபெயரில் எழுதியவர், அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பழைய தயாரிப்பாளர் ஜீன் கூன்!

1969-இல் தொடர் நின்றபோதும் ஃப்ரைபெர்கர் தலைதான் உருண்டது. பட்ஜெட்டில் கைவைத்தது அவரல்ல, நேரத்தை மாற்றியதும் அவரல்ல. பிறகு அவர் பொறுப்பேற்ற 'ஸ்பேஸ்: 1999' தொடரும் அவர் வந்த சீசனோடு முடிய, 'தொடர்களுக்கு எமன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் பிடிபட்டவர் அவர். கைதி முகாமில் கழித்தது இரண்டே வருடம், ஸ்டார் ட்ரெக் படுத்திய பாடோ பல பத்தாண்டுகள் என்று பின்னாளில் அலுத்துக்கொண்டார்.