மூச்சில் தெரியும் ரத்தக் கணக்கு

2025 ஜூலை 15 அன்று டிராகன் விண்கலத்திலிருந்து விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவைக் கைத்தாங்கலாக ஏன் இறக்கினார்கள் என்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டு எழுதியிருக்கிறார். விண்வெளி நிலையத்தில் 18 நாள்தானே இருந்தார் என்பது அவர் வாதம். மேல் எது, கீழ் எது என்ற பழக்கம் உள்காதுக்கு விட்டுப்போக அதுவே போதும். தசை மெலிவதும் எலும்பில் சுண்ணாம்புச்சத்து குறைவதும் பலரும் அறிந்ததுதான். பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்துக்காகத் தசைச் செல்களைச் சுக்லாவே விண்வெளி நிலையத்தில் ஆராய்ந்தார். எனக்குப் பிடித்த விந்தை ரத்தத்தில் இருக்கிறது.

தரையில் நம் உடல் நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்களை உடைத்து, அதே அளவு புதிதாக உண்டாக்குகிறது. விண்வெளியில் உடைவது 30 லட்சம். இதை எப்படி எண்ணினார்கள்? சிவப்பணுவில் ஹீம் என்றொரு மூலக்கூறு, வளையம் போல, நடுவில் ஓர் இரும்பு அணுவோடு இருக்கும். நொதி ஒன்று அந்த வளையத்தை வெட்டும்போது இரும்பு தனியே கழன்றுவிடும். கூடவே ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு பிறந்து மூச்சோடு வெளியேறும். அடுப்புக்கரிப் புகையில் ஆளைக் கொல்லும் அதே வாயுதான்! கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த கய் ட்ரூடல் குழு, ஆறு மாதம் தங்கிய 14 வீரர்களின் மூச்சில் அதை அளந்து, 2022-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் கணக்கை வெளியிட்டது.

கழன்ற இரும்பு வீணாவதில்லை. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் சூளைக்குப் போகாத உடைசலை ஊறவைத்து மறுபடி களிமண்ணாக்குவது போல, உடலும் அதை எடுத்துப் புழங்கிக்கொள்ளும்.

விண்வெளிக்குப் போன புதிதில் சில நாள் மட்டுமே சிவப்பணுக்கள் இப்படிக் கூடுதலாக உடையும் என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். ஆறு மாதமும் உடைவு ஓயவில்லை. மிதக்கிறவரை இதனால் வரும் ரத்தசோகை உறைப்பதில்லை; தரையில் கால் ஊன்றும்போதுதான் தெரியும். திரும்பி ஓராண்டு ஆன பிறகும் உடைவு பழைய அளவைவிட 30 சதவீதம் கூடுதல்.

ராக்கெட் ஏறாமலே சோகையோடு நடமாடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. விண்வெளி வீரருக்கு மூச்சைக்கூட அளக்கிறோம். படியேறி மூச்சு வாங்கும் பெண்ணிடம் 'சோம்பேறி' என்கிறோம். பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை ஜன்னலுக்கு வெளியே கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். வயிற்றைப் பிரட்டுகிறது என்பார்கள், உண்மைதான். அதற்குச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் போதும். உடனே டீ குடிக்கக் கூடாது, இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளலாம்.