குடமும் குழாயும்

கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றிலே, குழாயடியில் குடம் வைத்திருக்கும் பெண் நீர் நிறைந்ததா என்று குனிந்து பார்ப்பதில்லை. நீர் ஏற ஏறக் குடத்தின் ஓசை தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்து செல்கின்றது. அவ்வோசையே நிறைவை அறிவித்துவிடுகின்றது. உள்ளிருக்கும் காற்றின் இடம் குறைந்தாற் சுருதி ஏறும் என்பது அவளுடைய செவி கற்ற பாடம். வீட்டிலே செய்யப்படும் ஒலிபெருக்கிப் பெட்டியின் துவாரத்துக்கும் இதுவே அடிப்படைப் பாடமாகும்.

ஒலிபெருக்கியில் அதிரும் கூம்பு முன்புறத்தே காற்றைத் தள்ளும்போது பின்புறத்தே இழுக்கின்றது. இவ்விரு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவேதான் பெட்டியில்லாத ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்து ஒலிக்கின்றது. பெட்டியை முற்றாக மூடினால் அழிவு நிற்கும். ஆனாற் பின்புற அலை பயனின்றி உள்ளேயே அடங்கும். அதனையும் பயன்படுத்தும் வழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் வகுத்து, 1932ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். பெட்டியில் ஒரு குழாயைப் பொருத்தினால், பெட்டிக்குள் இருக்கும் காற்று வில்லுச்சுருள் போலவும், குழாய்க்குள் இருக்கும் காற்று அதிலே தொங்கும் பாரம் போலவும் இயங்கும். இரண்டும் சேர்ந்து குறித்த ஒரு சுருதியில் ஊஞ்சலாடும். அச்சுருதியிலும் அதற்குச் சற்று மேலும், பின்புற அலை திசைமாறி முன்புற அலைக்குத் துணையாக வெளிவருகின்றது.

இதை அறியாது கண்மதிப்பிலே துவாரம் இடுவதாற்றான் கேடு விளைகின்றது. அத்தகைய பெட்டியில் எந்தப் பாட்டும் ஒரே 'தொம் தொம்' என்ற முழக்கமாகிவிடும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபத்திலே தவில் கேட்டுப் பழகிய செவி அதைப் பொய்யொலி என்று உடனே உணரும். வெள்ளவத்தை மாடிவீட்டின் சுவரையும் ஊடுருவி அயலாரின் உறக்கத்தைக் கெடுப்பதும் அம்முழக்கமே.

கணக்கு அரியதன்று. 50 லீற்றர் கொள்ளளவுள்ள பெட்டியும், 10 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயும் இருக்கின்றன என்று கொள்வோம். திரையிசையிற் பயிலும் பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. ஆதலாற் பெட்டியை 40 அதிர்வுக்குச் சுருதி சேர்த்தல் போதும். அதற்கு 30 சென்ரிமீற்றர் நீளமான காற்றுத்தூண் வேண்டும். குழாயின் இரு வாய்களுக்கும் அப்பாலுள்ள காற்றும் சேர்ந்தசைவதால் 7 சென்ரிமீற்றரைக் கழித்து, 23 சென்ரிமீற்றர் நீளமான குழாயை இடுதல் தகும். உள்விட்டம் 5 சென்ரிமீற்றர் ஆனால் 4 சென்ரிமீற்றர் நீளமே போதும். ஆயினும் ஒடுங்கிய வழியிலே காற்று விரைந்து சீறும். உள்வாய்க்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே குழாயின் விட்டமளவு இடைவெளியும் வேண்டும்.

எந்த ஒலிபெருக்கிக்கு எவ்வளவு பெட்டி, எந்தச் சுருதி என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறையை அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்டார்; 1970களில் ரிச்சட் ஸ்மோல் அதனை விரித்துரைத்தார். இன்று அக்கணக்கைக் கணினியே செய்து தருகின்றது.

ஆயினும் இறுதிச் சான்று பெட்டியே. குழாயைச் சற்று நீளமாக விட்டு, கைத்தொலைபேசியிலிருந்து தாழ்ந்த சுருதிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட வேண்டும். எந்தச் சுருதியிலே கூம்பு ஏறக்குறைய அசைவற்று நிற்க, குழாய்வாயிலே காற்று மிகுதியாக வீசுகின்றதோ, அதுவே பெட்டியின் சுருதி. அது 36 ஆயின் குழாய் நீளம் மிகுதி. மிருதங்கத்தின் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பவர்போலச் சிறிது சிறிதாக அறுத்தல் வேண்டும். அறுத்ததை மீண்டும் ஒட்டுதல் கடினம்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பெட்டியின் சுருதிக்குக் கீழே கூம்பைத் தாங்கும் காற்றின் பிடி தளர்ந்துவிடும். அங்கே உரத்து ஒலிக்கவிட்டால் கூம்பு கட்டுக்கடங்காது அலைந்து பழுதாகும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் அதனோடு போகும்.

துவாரம் எந்த நாதத்தையும் பிறப்பிப்பதில்லை. பிறந்த நாதம் வீணாகாமற் காப்பதே அதன் தொழில். குடத்தின் ஓசைக்குச் செவிகொடுக்கத் தெரிந்தவர்க்கு அத்தொழில் விளங்காமற் போகாது.